சேலம் வாலிபர்களும் வீட்டுப் பாஷையும்

சேலம் நகரத்தின் கீழ்ப்பாகத்திலே அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை முதலிய இடங்களில் நெசவாளர் தெருக்கள் வரிசை வரிசையாக உள்ளன. காலை வேளையில் அவ்வழியே நடப்போர் காதில் தறியின் ஓசையோடு மற்றொரு பாஷையும் விழும். அது தமிழன்று, தெலுங்கன்று, கன்னடமுமன்று. குழித்தறியில் அமர்ந்திருக்கும் கிழவர் அப்பாஷையில் பேரனைக் கூப்பிடுகிறார். பேரன் தமிழில் பதில் சொல்லுகிறான். அவசரமானால் பாதி இங்கிலீஷில் சொல்லுகிறான். பாட்டனார் கூறியது அவனுக்கு விளங்காமலில்லை. அதே பாஷையில் திருப்பிச் சொல்லத்தான் நாவில் சொல் எழவில்லை. அவனுடைய குழந்தைக்கு அது விளங்கவும் விளங்காது. எவரும் தடுக்காமல், எவரும் அடக்காமல், மூன்று தலைமுறைக்குள் ஒரு பாஷை ஒரு வீட்டைவிட்டு வெளியேறி விடுகிறது.

அந்தப் பாஷை சௌராஷ்டிரம். அதைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டென்பதே நமது அபிப்பிராயம். தாய்ப்பாஷைக்காகப் போராடியவர் என்று பெருமை கொள்ளும் நாம், நமது அண்டை வீட்டுத் தாய்ப்பாஷையின் விஷயத்தில் எவ்விதம் நடந்துகொள்ளுகிறோம் என்பதைக்கொண்டே அப்பெருமை மெய்யா பொய்யா என்று உலகம் நிதானிக்கும்.

சேலத்தில் எழுந்த பழைய கேள்வி

சேலத்துக்கு இவ்விஷயம் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக் காலேஜுகளில் சாஸ்திரங்கள் யாவும் இங்கிலீஷிலேயே போதிக்கப்பட்டு வந்தன. தமிழ் வீட்டுக்கும் கோவிலுக்கும் கடைத்தெருவுக்கும் உரிய பாஷை. ரஸாயனத்துக்கும் கணிதத்துக்கும் அது உதவாது என்பதே படித்தவர்களில் மிகப் பலருடைய எண்ணம். எண்ணம் என்பதினும் வெட்கம் என்பதே பொருந்தும். தமிழில் பேசினால் படிப்பில்லாதவன் என்று கருதப்படுவோமோ என்ற அச்சத்தினால் தமிழர் இருவர் தமக்குள்ளே இங்கிலீஷில் உரையாடிய காலம் அது.

அக்காலத்தில், 1916-ம் வருஷத்திலே, சேலத்தில் வக்கீலாயிருந்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார், நாற்பது வயது நிரம்பாத நிலையில், சில நண்பர்களோடு கூடித் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைக்கென ஒரு சங்கம் கண்டார். தாவர சாஸ்திரம், ரஸாயனம், பௌதிகம், வானசாஸ்திரம், கணிதம் ஆகிய துறைகளுக்குத் தமிழில் சொற்களை ஆக்குவதே அச்சங்கத்தின் வேலை. பெரிய கட்டடமில்லை, சர்க்கார் மானியமும் இல்லை. கோர்ட்டு வேலை முடிந்த நேரத்திலே சொல் ஒவ்வொன்றாக எடுத்து, நிறுத்துப் பார்த்து, ஏற்றும் தள்ளியும் வேலை நடந்தது. அடுத்த வருஷம் அவர் சேலம் முனிஸிபாலிடிக்குச் சேர்மனானார். பிற்காலத்தில் நாட்டின் பெரும் பதவிகளை வகித்த போதும் இந்த ஆசை அவரை விடவில்லை. ரஸாயனத்தைத் தமிழிலே சொல்லிக் காட்டத் 'திண்ணை ரஸாயனம்' என்று ஒரு நூலே எழுதினார்.

அன்று ஆக்கிய சொற்களெல்லாம் நிலைத்துவிடவில்லை. வடமொழி மிகுந்திருந்தவற்றைப் பின்வந்தவர்கள் மாற்றினார்கள். மாற்றியவற்றுள்ளும் பல உதிர்ந்தன. ஆயினும் 'தமிழில் முடியாது' என்ற பேச்சுக்கு முதல் அடி விழுந்தது அங்கேதான் என்னலாம். 1960-ல் கோயமுத்தூர் அரசினர் கலைக் கல்லூரியில் பி. ஏ. வகுப்பைத் தமிழில் நடத்திப் பார்த்தார்கள். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் போதிக்கத் தொடங்கியது. நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் கேள்வியே மாறிப்போயிற்று. தமிழில் முடியுமா என்று இன்று கேட்பவரில்லை. தமிழில் படித்தவனுக்கு வேலை கிடைக்குமா என்றே கேட்கிறார்கள்.

இதே சரித்திரத்தில் மற்றொரு பாடமும் உண்டு. தமிழுக்குச் சொல் ஆக்கிய அதே ராஜாஜி, 1938-ல் மாகாணப் பிரதம மந்திரியாயிருந்தபோது பள்ளிக்கூடங்களில் ஹிந்தியைக் கட்டாய பாடமாக்கினார். நாடு கொந்தளித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் சிறைவாசத்தின்போது நோயுற்று உயிர் நீத்தார்கள். 1940-ல் அந்த உத்தரவு ரத்தாயிற்று. அவர் நோக்கம் யாதாயினும் ஆகுக. ஆசையினால் வளர்க்கும் பாஷை வேர் பிடிக்கும், ஆணையினால் நட்ட பாஷை வெறுப்பையே விளைக்கும் என்பதைத் தமிழ்நாடு அன்று கண்டுகொண்டது. இவ்விரண்டு பாடங்களையும் கையில் வைத்துக்கொண்டு நெசவாளர் தெருவுக்குத் திரும்புவோம்.

யார் இவர்கள், யாது இப்பாஷை?

சௌராஷ்டிரர் தமிழகத்துக்கு நேற்று வந்தவரல்லர். கஜினி மாமூது சோமநாதத்தைத் தாக்கிய பதினோராம் நூற்றாண்டுக்குப் பின்னர்த் தம் முன்னோர் கூர்ஜரத்தைவிட்டுப் புறப்பட்டுத் தேவகிரியிலும், பிறகு விஜயநகரத்திலும் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது அவர்களுடைய பரம்பரைச் செய்தி. பட்டு நெய்யும் கைத்திறனே அவர்களுக்கு வழித்துணை. பட்டுநூல்காரர் என்று தமிழர் அவர்களை அழைத்ததும் அதனாலேயே. மதுரை, பரமக்குடி, கும்பகோணம், சேலம் ஆகிய இடங்களில் அவர்கள் நிலைபெற்றார்கள். சேலத்து வெண்பட்டுக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. அப்பெயரைத் தேடித் தந்தவற்றுள் அம்மாப்பேட்டைத் தறிகளும் சேர்ந்தவை.

பாஷையும் அவர்களுடைய யாத்திரையைப் போன்றதே. அடிப்படை வடநாட்டு ஆரிய பாஷை, கூர்ஜரத்துக்கு உறவு. வரும் வழியில் மராட்டியும் கன்னடமும் தெலுங்கும் கலந்தன. இங்கு வந்தபின் தமிழ் கலந்தது. தண்ணீருக்கு இன்றும் 'பாணி' என்றே சொல்லுகிறார்கள். ஆனால் வாக்கியம் அமைக்கும் முறையில் தென்னாட்டு வழக்கு ஏறியிருக்கிறது. ஓர் இனத்தார் நெடுந்தூரம் நடந்த கதை அவர்கள் எழுதிய நூல்களில் கிடைப்பதைவிட அவர்கள் பேசும் சொற்களில் அதிகம் கிடைக்கும். பாஷை போய்விட்டால் அந்தச் சரித்திர ஏடும் அதனோடு போகும்.

எழுத்தும் இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் மதுரையிலே தொ. மு. ராமராய் என்னும் பெரியார் சௌராஷ்டிர லிபியைச் சீர்ப்படுத்தி, அச்சு வார்ப்பித்து, பாலபாடங்களை வெளியிட்டார். அந்த லிபியில் ஒரு நுட்பம் உண்டு. னகரம், மகரம், ரகரம், லகரம் ஆகியவற்றோடு மூச்சொலி சேர்ந்து வரும் ஒலிகள் சௌராஷ்டிரத்தில் உள்ளன. அவற்றை எழுத 'ஹாரு' என்றொரு தனிக் குறி அமைந்திருக்கிறது. தமிழ் எழுத்தில் அதைச் செய்வதெனில் எழுத்தின் தலையிலே 2, 3, 4 என்று இலக்கமிட்டும், பக்கத்திலே புள்ளிகள் வைத்தும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் அச்சிட்டே வருகிறார்கள்.

இலக்கியமும் உண்டு. 1843 முதல் 1914 வரை வாழ்ந்த மதுரை நடனகோபால நாயகி ஸ்வாமிகள் தமிழிலும் சௌராஷ்டிரத்திலும் கீர்த்தனங்கள் பாடினார். இன்றும் பஜனை மடங்களில் அவை ஒலிக்கின்றன. பாஷை நிற்பதற்கு ஏட்டைப்போலவே பாட்டும் உதவும் என்பதற்கு இது சான்று. தமிழும் இவர்களால் லாபமடைந்திருக்கிறது. கும்பகோணத்து நெசவாளர் வாழ்வை 'வேள்வித் தீ' என்னும் நாவலாக எழுதிய எம். வி. வெங்கட்ராம், வீட்டிலே சௌராஷ்டிரம் பேசியவர். 1993-ல் 'காதுகள்' நாவலுக்காகத் தமிழ் எழுத்தாளராகவே சாகித்ய அகாதெமி பரிசு பெற்றவர். வீட்டுப் பாஷையைப் பேசியதால் அவருடைய தமிழ் குறைந்துவிடவில்லை.

கைவிடுவது ஏன்?

2001-ம் வருஷத்து ஜனக்கணக்கில் சௌராஷ்டிரத்தைத் தாய்ப்பாஷை என்று எழுதுவித்தவர் தொகை 1,85,420. 2011-ல் அது 2,47,702. பத்தே வருஷத்தில் மூன்றிலொரு பங்கு பெருகுவது பிறப்பினால் மட்டும் நேரக்கூடியதன்று. முன்னர் வேறு பாஷையின் பெயரைச் சொன்ன குடும்பங்கள் பிறகு தம் பாஷையின் பெயரையே கூறியிருக்கின்றன என்று கொள்ளவே தோன்றுகிறது. இது நல்ல அறிகுறி. ஆனால் பெயரைச் சொல்லுவது வேறு, பேசுவது வேறு. பாட்டியின் பாஷை என்று கணக்கெடுப்பவரிடம் பெருமையாக எழுதுவித்த இளைஞன், அன்று மாலை அந்தப் பாட்டியோடு தமிழிலேயே பேசினானென்றால் பயன் என்ன?

பெற்றோரைக் குறை கூறுவது எளிது. அவர்கள் கட்சியையும் கேட்க வேண்டும். முன்னாளில் ஒரு வீட்டில் தறி இருந்தது. தகப்பன், தாய், பிள்ளை, மருமகள் எல்லோரும் அதைச் சுற்றியே இருந்தார்கள். பாவு நீட்டும்போதும் தார் சுற்றும்போதும் பேச்சு அப்பாஷையில் நடந்தது. தொழிற்சொற்கள் குழந்தையின் காதில் தாமாக விழுந்தன. இப்போது கைத்தறி குறைந்தது. விசைத்தறியின் இரைச்சலில் பேச இடமில்லை. பிள்ளைகள் கம்பெனி வேலைக்கும் வெளியூருக்கும் போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வேண்டும். வேலைக்கு இங்கிலீஷ் வேண்டும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது பாஷை எதற்கு என்று தாய் எண்ணுகிறாள். குழந்தையின் நன்மையைக் கருதியே அவள் வாய் மூடிக்கொள்ளுகிறாள். அன்பினாலே ஒரு பாஷை கைவிடப்படுகிறது என்பதுதான் இதில் உள்ள துயரம்.

அவளுக்கு நாம் கூறும் விடை இது. பாஷை வயிற்றிலே இடம் பிடிக்கும் சோறன்று. ஒன்று புகுந்தால் மற்றொன்று வெளியேற வேண்டுமென்னும் நியதியில்லை. சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலே இரண்டு மூன்று பாஷைகளைச் சரளமாகப் பேசும் எழுத்தறியாத கிழவிகள் எத்தனை பேர்! வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் தேவாங்கர் சந்தையிலே தமிழ் பேசத் தடுமாறுகிறார்களா? குழந்தை வீட்டில் ஒரு பாஷையும் வெளியில் ஒரு பாஷையும் கற்பது இத்தேசத்தில் என்றுமுள்ள வழக்கம். ஒன்றே போதும் என்பதுதான் புது நாகரிகம்.

மற்றொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாது விடுவது நியாயமாகாது. சௌராஷ்டிரத்தை எந்த லிபியில் எழுதுவதென்று அச்சமூகத்துப் பெரியோர் நெடுங்காலம் வழக்காடினார்கள். சொந்த லிபியே வேண்டுமென்றனர் ஒரு சாரார். தேவநாகரியே போதுமென்றனர் மற்றொரு சாரார். எல்லோரும் அறிந்த தமிழ் லிபியில் எழுதுவோமென்றனர் பின்னுமொரு சாரார். வழக்கு தீர்வதற்குள் இரண்டு தலைமுறைக் குழந்தைகள் எந்த லிபியிலும் படியாமல் வளர்ந்துவிட்டார்கள். வீடு தீப்பற்றும்போது எந்தக் குடத்தில் நீர் மொள்வதென்று விவாதிப்பவரை என்னென்பது!

வாலிபர் கையிலெடுத்த வேலை

இந்நிலையில் வாலிபர் சிலர் இவ்வேலையைக் கையிலெடுத்திருப்பது நமக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது. 2008-ல் கணினி எழுத்துக்களின் சர்வதேச அட்டவணையாகிய யூனிகோடில் சௌராஷ்டிர லிபி இடம் பெற்றது. ராமராய் ஈயத்தில் வார்ப்பித்த எழுத்து இப்போது கைப்பேசித் திரையில் தோன்றுகிறது. அவ்வெழுத்தைக் கற்பிக்கும் காணொளிகளை இளைஞர்கள் இணையத்தில் வெளியிடுகின்றனர்; பாட்டிமாரின் பழமொழிகளைப் பதிவு செய்கின்றனர்; கல்யாணப் பத்திரிகையில் ஒரு பக்கமாவது சொந்த லிபியில் அச்சிட விரும்புகின்றனர். மூத்தோர் வழக்காடிய லிபிச் சண்டையும் இவர்களிடம் தணிந்து வருகிறது. தமிழ் எழுத்திலே செய்தி அனுப்புகிறவன் சொந்த லிபியையும் ஆசைக்குக் கற்கிறான். இதுவே சரியான வழி.

இந்தப் பாஷைக்கு அகராதி செய்தவர்களுள் ஒருவர் ஜப்பானியர் என்பதை நம் இளைஞர் நினைவில் வைக்க வேண்டும். உச்சிதா நொரிஹிக்கோ என்னும் அறிஞர் சொற்களைத் திரட்டி, 1990-ல் சௌராஷ்டிர–இங்கிலீஷ் அகராதியை வெளியிட்டார். கடல் கடந்து வந்த ஒருவருக்கு இருந்த ஆவல் அடுத்த அறையிலிருக்கும் பேரனுக்கு இல்லையெனில் அது மானக்கேடாகும்.

அகராதியும் யூனிகோடும் போதுமா? போதா என்றே சொல்லுவோம். அகராதி பாஷைக்குப் பெட்டகம். பேச்சே அதற்கு உயிர். 2010 ஜனவரியில் அந்தமானிலே போவா என்னும் மூதாட்டி காலமானார். 'போ' என்னும் பாஷையைப் பேசிய கடைசி ஆள் அவர். கடைசி நாட்களில் தம் பாஷையில் பேசுவதற்கு உலகத்தில் ஒருவருமில்லாமல் வாழ்ந்தவர் அவர். அவர் குரலின் பதிவு இருக்கிறது, பாஷை இல்லை.

உலகம் காட்டும் வழி

அழியும் தறுவாயிலிருந்த பாஷைகளை மீட்ட தேசங்களும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் சுதேச ராணியின் ஆட்சியைக் கவிழ்த்தவர்கள், 1896-ல் பள்ளிக்கூடப் பாஷை இங்கிலீஷே என்று சட்டமிட்டார்கள். சொந்த பாஷை பேசிய குழந்தைகள் அடிபட்டார்கள். 1980-ம் வருஷத்தையொட்டிப் பார்த்தபோது அப்பாஷையைப் பேசும் சிறுவர் தொகை ஐம்பதையும் எட்டவில்லை. 1984-ல் வாலிப உபாத்தியாயர் சிலரும் பெற்றோரும் சேர்ந்து 'பூனானா லேயோ', அதாவது பாஷைக் கூடு, என்றொரு குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார்கள். இரண்டு வருஷம் முன்னதாக நியூஜீலாந்தில் மாவோரிகள் செய்ததைப் பார்த்துச் செய்தது இது. முறை மிக எளியது. பாஷை அறிந்த பாட்டியும், பாஷை அறியாத மூன்று வயதுக் குழந்தையும் ஒரு கூரையின்கீழ்ச் சேருகிறார்கள். அங்கே வேறு பாஷை கூடாது. விளையாட்டு, சாப்பாடு, தாலாட்டு எல்லாம் அதில்தான். நடுத்தலைமுறைக்கு அறுந்துபோன நூலைப் பாட்டியும் பேரனும் முடிச்சிடுகிறார்கள். அந்த முதல் குழந்தைகளைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானவர் அப்பாஷையிலேயே பள்ளிப் படிப்பு முடித்திருக்கிறார்கள். மாவோரி பாஷை 1987-ல் அந்நாட்டின் ஆட்சிப் பாஷைகளுள் ஒன்றாயிற்று.

இந்தியாவிலும் சான்றுண்டு. சந்தாலி பாஷைக்கு 1925-ல் ரகுநாத் முர்மு என்னும் இளைஞர் 'ஓல் சிக்கி' என்ற லிபியை வகுத்தார். அப்போது அவருக்கு வயது இருபது. நாடகம் எழுதினார், கிராமம் கிராமமாகச் சென்று கற்பித்தார். 2003-ல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சந்தாலி ஏறியது. 2018-ல் சந்தாலி வாலிபர்கள் தம் லிபியிலேயே விக்கிப்பீடியா தொடங்கிவிட்டார்கள்.

தமிழர் கடமை

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டின் எல்லைக்குள் தமிழுக்கு உறவான சிறு பாஷைகள் பல வாழ்கின்றன. நீலகிரியிலே தோடர் பாஷையும் கோத்தர் பாஷையும் இருக்கின்றன. 1935 முதல் 1938 வரை அமெரிக்கப் பேராசிரியர் எமனோ அம்மலையில் தங்கி அவற்றை ஆராய்ந்து பெரு நூல்கள் எழுதினார். தோடர் தொகை மிகச் சிறியதே. 2011 ஜனக்கணக்கில் பதினாயிரம் பேருக்குக் குறைந்த பாஷைகளுக்கு அட்டவணையில் தனிப் பெயர் கிடையாது. அவை 'ஏனையவை' என்ற மூட்டைக்குள் போய்விடுகின்றன. நரிக்குறவர் தமக்குள்ளே பேசும் வாக்ரி பாஷைக்குப் பள்ளிக்கூடமே இல்லை. அவர்களைப் பழங்குடியினர் என்று ஏற்கவே 2022-ன் இறுதியில்தான் பார்லிமெண்டு சட்டம் நிறைவேற்றியது.

சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் தெரிகின்றன. அங்கு வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடியார் பேசுவது தமிழேயாம். ஆயினும் அவர்கள் பிள்ளை ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ படிக்க இறங்கி வந்து வாய் திறந்தால் சக மாணவர் சிரிக்கிறார்கள். வீட்டிலே தெலுங்கு பேசும் அருந்ததியர் பிள்ளையையும் அப்படியே சிரிக்கிறார்கள். ஒருமுறை சிரிப்புக்காளான குழந்தை மறுமுறை அச்சொல்லை உச்சரிப்பதில்லை. தமிழில் பேசியவனைப் பார்த்து இங்கிலீஷ் கற்றவன் சிரித்த சிரிப்பு நமக்கு மறந்து போயிற்றா? அதே சிரிப்பை இன்று நாம் சிரிக்கலாமா?

வீட்டுப் பாஷைகளுக்கு ஊக்கமளித்தால் தமிழின் நிலை தளருமென்றும், பிளவு வளருமென்றும் அஞ்சுவோர் உண்டு. அவர்களுக்கு நமது பதில் சுருக்கமானது. 2006-ம் வருஷத்துச் சட்டத்தின்படி தமிழ்நாட்டுப் பள்ளிக் குழந்தைகள் தமிழ் கற்றே ஆக வேண்டும். அது நியாயமே, இந்நாட்டில் வாழ்வோர் இந்நாட்டின் பாஷையை அறியாதிருத்தல் கூடாது. கோடிக்கணக்கானோர் பேசும் தமிழுக்கு, இரண்டரை லட்சம் பேரின் பாஷை எப்படிப் பகையாகும்? எண்ணிக்கையில் சிறியவரை அடக்கிப் பெரியவர் ஒற்றுமை காண்பதானால், தமிழ்நாட்டுக்கு வடக்கேயிருந்து சிலர் அதே நியாயத்தை நமக்குச் சொல்லும்போது நாம் என்ன விடை கூறுவோம்?

செய்யத்தக்கவை

அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, சிறுபான்மைப் பாஷையினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியில் தாய்ப்பாஷைப் போதனைக்கு வேண்டிய வசதிகளைச் செய்ய முயலுமாறு ராஜ்ய சர்க்காருக்கும், ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் கூறுகிறது. 1956 முதல் அது சட்டத்திலே உறங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்தல ஸ்தாபனம் என்பதில் சேலம் மாநகராட்சியும் அடங்கும். ராஜாஜி சேர்மனாயிருந்த ஸ்தாபனம் இவ்விஷயத்தில் வழிகாட்டுவது அதன் பழமைக்கேற்ற காரியமாகும். நெசவாளர் தெருக்களையடுத்த ஆரம்பப் பள்ளிகளிலே வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, பாஷை தெரிந்த பாட்டிமாரை அழைத்துக் கதை சொல்லச் செய்தால் அதற்கு எவ்வளவு பணம் செலவாகும்? பரீட்சை வேண்டாம், மார்க்கு வேண்டாம், கட்டாயமும் வேண்டாம். 1938-ஐ நாம் மறக்கலாகாது.

சர்க்காரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவும் வேண்டியதில்லை. 1916-ல் சேலத்தார் எதிர்பார்க்கவில்லை. வாலிபர்கள் தாமே செய்யக்கூடிய காரியங்கள் மூன்றுண்டு. முதலாவது, வீட்டில் முதியவர் ஒருவரேனும் இருந்தால் தினம் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய பாஷையிலன்றிப் பேசுவதில்லை என்று விரதம் பூணுவது. பிழையாகப் பேசலாம், பேசாதிருப்பதே பெரும் பிழை. இரண்டாவது, தறியைச் சேர்ந்த சொற்களை இப்போதே எழுதிக்கொள்வது. குழித்தறியின் ஒவ்வோர் உறுப்புக்கும், பாவு முடிச்சுக்கும், சாயத்துக்கும், கரைக்கும் கிழவர்களிடம் சொல் இருக்கிறது. தறி நின்ற மறுநாள் அச்சொல் நிற்கும். மூன்றாவது, புதிய காரியங்களை அப்பாஷையில் பேசிப் பார்ப்பது. தேர்தலைப் பற்றியும், கிரிக்கெட்டைப் பற்றியும், கடன் வட்டியைப் பற்றியும் பேச உதவாத பாஷை பண்டிகை நாளுக்கு மட்டும் எடுத்துடுத்தும் பட்டாகிப் பெட்டியிலேயே இற்றுப்போகும். சொல் இல்லாவிடில் ஆக்கிக்கொள்ள வேண்டும். தமிழுக்கு அப்படித்தான் ஆக்கினோம்.

தமிழ் இளைஞருக்கும் ஒரு வார்த்தை. அண்டை வீட்டுத் தோழன் தன் தாயோடு பேசும் பாஷையில் பத்துச் சொல்லாவது கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து பெஞ்சில் அமர்ந்த மலைக் கிராமத்துப் பிள்ளை விநோதமாக ஒரு சொல்லை உச்சரித்தால், சிரிக்கும் முன்னர் அதன் பொருளைக் கேளுங்கள். நகரத்தமிழ் இழந்துவிட்ட பழஞ்சொல்லாக அது இருந்தாலும் இருக்கலாம்.

ஐக்கிய நாடுகள் சபை 2022 முதல் 2032 வரையிலான காலத்தை ஆதிகுடிகளின் பாஷைகளுக்குரிய பத்தாண்டு என்று அறிவித்திருக்கிறது. அறிவிப்பினால் எந்தப் பாஷையும் பிழைத்ததில்லை. அம்மாப்பேட்டையில் பாட்டனார் கூப்பிட்ட குரலுக்குப் பேரன் அவர் பாஷையிலேயே ஒரு நாள் பதில் கொடுப்பானானால், அன்றுதான் வேலை தொடங்கியது என்போம். அந்தப் பதிலைக் கேட்க அவர் இருக்கும்போதே அது வரவேண்டும்.